நடு நாற்காலியும் பின்மூலை ஆறுமுகமும்

தம்பி, காதுல இருக்கறத எடுத்துட்டு ஒரு நிமிசம் கேளுங்க. இல்லீங்க, சத்தம் எனக்குத் தொந்தரவில்லை. ஒரு சந்தேகம், அவ்வளவுதான். அந்த ரெண்டு குமிழ்லயும் பாட்டு எங்கிருந்து வருதுங்க? வலது காதுல ஒண்ணு, இடது காதுல ஒண்ணா? பின்னாடி ஒண்ணும் வராதா?

அப்பச் சரி. பின்னாடி வரலைன்னா உங்களுக்குப் பிரச்சினை இல்லை. எங்க குடும்பத்துல பிரச்சினையே பின்னாடி இருந்துதான் வந்துச்சு.

கோயமுத்தூர்தானே போறீங்க? நானும்தான். நேரம் கெடக்குது, சொல்றேன்.

எம்பேரு சென்னியப்பன். ஊரு தாராபுரம். கவர்மென்ட் பஸ்ல டிரைவரா இருந்து ரிட்டயர் ஆனவன். படிப்பு அஞ்சாவதோட சரி. ஆனா காது நல்ல காதுங்க. வண்டி ஓடறப்ப எந்தச் சக்கரத்துல கல்லு மாட்டியிருக்குன்னு உக்காந்த இடத்துல இருந்தே சொல்லிருவேன். சில சமயம் எறங்கிப் பாத்தா கல்லே இருக்காது. அது வேற விசயம்.

என் சம்பந்தி பேரு குழந்தைவேலு. குண்டடத்துக்காரர். அவரு அதே வண்டில கண்டக்டர். ஊதியூர், காங்கயம் வழியா ஈரோடு போற வண்டி. நான் முன்னால, அவரு பின்னால. அவரு ஒரு விசில் ஊதினா நான் நிறுத்துவேன். ரெண்டு விசில் ஊதினா எடுப்பேன். அவரு பையனுக்கு எம் பொண்ணு தாரணியப் பேசி முடிச்சதே ஈரோடு பஸ் ஸ்டாண்டு டீக்கடைலதான்.

அதுவரைக்கும் 'யோவ் வேலு', 'என்னய்யா சென்னி'ன்னு பேசிக்கிட்டிருந்த ஆளுங்க நாங்க. பொண்ணு குடுத்து எடுத்தப்புறம் அப்படிப் பேச முடியுமா? 'வாங்க சம்பந்தி', 'சொல்லுங்க சம்பந்தி'தான். கல்யாணத்தன்னிக்குப் பந்திக்குப் போறப்ப வாசல்ல நின்னு 'நீங்க முன்னால போங்க'ங்கறாரு. 'அதெப்படிங்க, நீங்க போங்க'ங்கறேன் நான். எங்களுக்குப் பின்னால மொத்தச் சனமும் பசியோட நிக்குது. கடைசில சமையக்காரர் ஒரு சாம்பார் வாளியத் தூக்கிட்டு வந்து எங்க ரெண்டு பேரையும் இடிச்சுத் தள்ளிட்டு உள்ள போனாரு. அந்த இடிதான் எங்கள உள்ள கொண்டு போச்சு. யாரும் குத்தம் சொல்லலை. முறைன்னா அதுதானுங்க. வேண்டாம்னு சொல்லணும், அவங்க மறுபடி சொல்லணும், மறுபடி வேண்டாங்கணும். மூணாந்தரம் சொன்னா, சரி உங்க ஆசைக்குன்னு உக்காரணும். இதை யாராச்சும் சொல்லிக் குடுத்தாத் தெரியணும்?

இதை ஞாபகம் வெச்சுக்குங்க. ஏன்னா இந்த முறைய அந்த மனுசன் என்ன பண்ணினாருன்னு சொல்லப் போறேன்.

மாப்பிள்ளை பேரு நவநீதன். கம்ப்யூட்டர்ல வேலை. சரவணம்பட்டில பிளாட் வாங்கியிருக்காங்க. தங்கமான பையன், அதிகம் பேசமாட்டாரு. பேச வேண்டியதையெல்லாம் சேத்து வெச்சு ஒரு ரூம் முழுக்கப் பெட்டி வாங்கிப் போட்டுட்டாரு. பாட்டுப் பெட்டி. முன்னால மூணு, பின்னால ரெண்டு, மூலைல ஒரு பெரிய பெட்டி. அது பாடாது, உறுமும். சுவரெல்லாம் முட்டை அடுக்கற அட்டை மாதிரி கறுப்பாப் பஞ்சு ஒட்டியிருக்கு. அந்த ரூமுக்குள்ள பேசினா நம்ம பேச்சு நமக்கே யாரோ பேசறாப்புல இருக்குது.

நடுவுல ஒரே ஒரு நாற்காலி. அதோட நாலு காலையும் சுத்தித் தரைல மஞ்சள் டேப். ஒவ்வொரு பெட்டில இருந்தும் அளந்து பாத்துக் குறிச்ச இடமாம். ஒரு சாண் தள்ளினாலும் கெட்டுப் போயிருமாம். 'கூட்டறதுக்குக்கூட நகத்த விடறதில்லைங்கப்பா, நாற்காலியச் சுத்தித்தான் கூட்டறேன்'னு தாரணி சொல்லுச்சு. கருப்பக் கிரகத்தச் சுத்தற மாதிரி சுத்துது பாவம்.

எதுக்கு இத்தனையும்னு கேட்டேன். மாப்பிள்ளை காலேஜ் ஹாஸ்டல்ல இருந்தப்ப கேட்ட இங்கிலீஸ் ரெக்கார்டு ஒண்ணு. முடி தோள் வரைக்கும் வளத்த வெள்ளைக்காரங்க நாலஞ்சு பேரு சேந்து, எனக்கு மீசை முளைச்ச காலத்துல பாடினது. ராக்குன்னு சொல்லுவாங்களாம். அந்தக் காலத்துல எல்லாச் சத்தமும் முன்னாலயே கும்பலா நிக்குமாம். இப்ப ஒருத்தரு அந்தப் பழைய டேப்பெல்லாம் தேடி எடுத்து, கிட்டாரத் தனியா, மேளத்தத் தனியா, பாடறவனத் தனியாப் பிரிச்சு, ஆளுக்கொரு மூலை குடுத்து நிக்க வெச்சிருக்காராம். கூட்டுக் குடும்பத்துக்குப் பாகம் பிரிச்ச மாதிரின்னு நெனச்சுக்கிட்டேன்.

'நாம நடுவுல இருப்போம் மாமா. அவங்க நம்மளச் சுத்தி நின்னு வாசிப்பாங்க'ன்னாரு.

'ஏனுங்க மாப்பிள்ளை, கச்சேரிக்குப் போனா மேடைக்கு முன்னால உக்காருவோமா, மேடை மேல ஏறி மேளத்துக்கும் நாயனத்துக்கும் நடுவுல போய் உக்காருவோமா?'ன்னு கேட்டேன்.

'அதேதான் மாமா, கரெக்டாச் சொல்லிட்டீங்க'ன்னு அவ்வளவு சந்தோசம் அவருக்கு. நான் குத்தமாக் கேட்டேன், அவரு பாராட்டா எடுத்துக்கிட்டாரு. அப்பாவுக்குப் பையன் தப்பாமப் பொறந்திருக்குன்னு அப்பவே எனக்குத் தோணியிருக்கணும்.

ஆடி முடிஞ்சு ஒரு ஞாயித்துக்கிழமை ரெண்டு சம்பந்தியையும் கூப்பிட்டாரு, முதல் தரம் போட்டுக் காட்டறதுக்கு. ரூம்ல ஒரு நாற்காலி. ஆளு ரெண்டு. மாப்பிள்ளை என்னப் பாத்து, 'மாமா, நீங்க நடுவுல உக்காருங்க'ன்னாரு.

எனக்கு உக்காரணும்னு ஆசைதானுங்க. பொய் சொல்லுவானேன். ஆனா உடனே போய்ப் பொத்துன்னு உக்கார முடியுமா? 'இருக்கட்டுங்க மாப்பிள்ளை, அப்பா உக்காரட்டும்'னேன். ஒரு பேச்சுக்குச் சொன்னேன் தம்பி. வாய்ல இருந்து வார்த்தை முழுசா வெளிய வரலை.

அவரு உக்காந்துட்டாருங்க.

'அப்படீங்களா, சரீங்க'ன்னு சொல்லிட்டு வேட்டிய மடிச்சு உக்காந்துட்டாரு. ரெண்டாந்தரம் கேக்கலை. ஒரு தடவையாவது 'இல்லீங்க, நீங்க'ன்னு சொல்லியிருக்கலாமில்ல? முறை தெரியாதவரா அவரு? கல்யாணத்துல என்கூட வாசல்ல நின்னு ஊரையே பசியில போட்டவரு. வேற ஒருத்தரு பண்ணியிருந்தா விவரம் இல்லாத ஆளுன்னு விட்டிருப்பேன்.

என்னைய எங்க உக்கார வெச்சாங்கன்னு கேளுங்க. பின்னால, இடது மூலைல, பெட்டிக்கு நேர் கீழ, ஒரு ஸ்டூல்ல. மாப்பிள்ளை கதவோரமா ரிமோட்ட வெச்சுக்கிட்டு நின்னாரு. பெரியவங்க இருக்கறப்ப அவரு நிக்கறதுதானே முறை. அதுல குத்தமில்லை.

பாட்டு ஆரம்பிச்சுதுங்க. முன்னால என்னென்னமோ நடக்குது, தூரத்துல. மேளம் அடிக்கறான், ஒருத்தன் உயிரே போறாப்புல கத்தறான். ஆனா எனக்கு அதெல்லாம் பக்கத்து ஊருத் திருவிழா மாதிரித்தான். எந்தலைக்கு மேல இருக்கற பெட்டில ஒண்ணுமே இல்லை. காலிப் பெட்டிக்கு அடில உக்காத்தி வெச்சுட்டாங்களேன்னு மனசு ஒடிஞ்சு போச்சு.

அப்பத்தான் வந்தான்.

சலங், சலங்னு. கஞ்சிரா மாதிரி ஒரு வட்டம், சுத்தியும் சின்னச் சின்னத் தகடு இருக்குமே, அது. என் காதுக்கு நேர் மேல. கொஞ்ச நேரம் தட்டினான். அப்புறம் நிறுத்திட்டான். அடுத்த பாட்டுல ஆளே இல்லை. மத்தவனெல்லாம் காட்டுக் கத்துக் கத்தறான், இவன் தன் முறை வர்ற வரைக்கும் மூலைல நிக்கறான். எங்க டிப்போல ஆறுமுகம்னு ஒரு மெக்கானிக் இருந்தாரு, கூப்பிட்டாத்தான் வருவாரு, வந்த வேலைய முடிச்சுட்டு மறுபடி மூலைல போய் நின்னுக்குவாரு. அதே குணம். அதனால நானும் இவனுக்கு ஆறுமுகம்னு பேர் வெச்சுட்டேன். சொந்தப் பேரு என்னன்னு மாப்பிள்ளைகிட்ட அப்புறம் கேட்டேன். ரெக்கார்டு அட்டைல அப்படி யாரு பேரும் போடலை மாமா, அன்னிக்கு யாராச்சும் வந்து தட்டிட்டுப் போயிருப்பாங்கன்னாரு. பேருகூடப் போடலை பாத்தீங்களா.

மூணாவது பாட்டோ நாலாவது பாட்டோ, திடீர்னு பின்னால இருந்து ஒரு விசில். பாட்டுக்குள்ளதானுங்க, அவங்க வெச்ச விசில்தான். ஆனா பின்னால இருந்து ஒத்தை விசில் வந்தா எங்கால் என்ன பண்ணும்? ஓங்கி மிதிச்சிருச்சு. முன்னால இருந்த டீப்பாயில பொண்ணு வெச்சிருந்த காப்பி டம்ளர் பறந்து போய் பஞ்சுச் சுவத்துல அடிச்சுது.

அது பெருசில்லை. நடு நாற்காலில இருந்த சம்பந்தி திடுக்குன்னு எந்திரிச்சு, 'ஊதியூர், ஊதியூர் எறங்கறவங்க வாங்க'ன்னாரு.

தூங்கியிருக்காருங்க. எனக்கு வர வேண்டிய நாற்காலில உக்காந்து, சுத்தியும் வெள்ளைக்காரங்க நின்னு தொண்டை கிழியப் பாடறப்ப, நடுவுல தூங்கியிருக்காரு.

எல்லாம் முடிஞ்சதும் மாப்பிள்ளை ஆசையாக் கேட்டாரு, 'எப்படிங்கப்பா இருந்துச்சு?'. 'அருமைப்பா, சுத்திச் சுத்தி வந்து வாசிச்சாங்க'ன்னாரு சம்பந்தி. அப்புறம் மாப்பிள்ளை எங்கிட்டக் கேட்டாரு. சின்னப் பையன், அத்தனை ஆசையா நிக்கறாரு, நான் போய் மூஞ்சியக் காட்ட முடியுமா? 'பின்னால ரொம்ப நல்லா இருந்துச்சுங்க மாப்பிள்ளை, எனக்குப் பின்னாலதான் புடிச்சுது'ன்னேன். அதுவும் ஒரு பேச்சுக்குத்தான்.

அடுத்த மாசம் கூப்பிட்டாங்க. இந்தத் தரம் நாற்காலி எனக்குத்தான்னு சலவைச் சட்டையெல்லாம் போட்டுக்கிட்டுப் போனேன். போய்ப் பாத்தா, பின்மூலைல ஸ்டூல எடுத்துட்டு ஒரு ஆளு உக்கார்ற அளவுக்கு மெத்தை வாங்கிப் போட்டிருக்காரு மாப்பிள்ளை. சாஞ்சுக்கத் திண்டு வேற. 'உங்களுக்குப் புடிச்ச இடம் மாமா, இது இனி உங்க மூலை'ங்கறாரு. காலை நீட்டிக்கலாமாம், டீப்பாயக்கூட எடுத்தாச்சு. 'எதுக்குங்க இந்தச் சிரமமெல்லாம்'னேன். 'சிரமமே இல்லை மாமா'ன்னாரு. உள்ள வந்த சம்பந்தி யாரையும் கேக்காம நேரா நடு நாற்காலிக்குப் போயிட்டாரு, ஏதோ பட்டா இருக்கற மாதிரி.

நான் மெத்தைல உக்காந்து ஆறுமுகத்துக்காகக் காத்துக்கிட்டிருந்தேன். வேற யாரு இருக்கா எனக்கு?

அன்னிக்குத்தான் ஒண்ணு கவனிச்சேன். கடைசிப் பாட்டுல எல்லாருமாச் சேந்து வேகமாப் போறாங்க. அந்த வேகத்துல ஆறுமுகம் ஒரு தட்டு பிந்திட்டான். தப்பு. சுத்தமான தப்பு. உடனே மெதுவா ஒரு கனைப்பு. 'அடடா'ங்கற மாதிரி. அப்புறம் சரியாப் புடிச்சுக்கிட்டான். எனக்கு உடம்பே சிலுத்துப் போச்சு தம்பி. இத்தனை வருசமா உலகம் பூரா கேட்ட ரெக்கார்டாம், அந்தக் கனைப்பு மட்டும் எந்தலைக்கு மேல கிடந்திருக்கு.

காப்பி குடிக்கறப்ப சொன்னேன். சம்பந்தி டம்ளர வெச்சுட்டு என்னப் பாத்தாரு. 'சலங்கையா? அப்படி ஒருத்தனும் இல்லீங்களே.'

'இருக்கானுங்க. கடைசிப் பாட்டுல ஒரு தப்பு விட்டுட்டுக் கனைக்கறான்.'

'நடுவுல உக்காந்தவனுக்குக் கேக்காதது மூலைல இருக்கறவங்களுக்கு எப்படீங்க கேக்கும்?'

'முழிச்சிருந்தாக் கேக்குமுங்க'ன்னேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. மரியாதையாத்தான் சொன்னேன், 'ங்க' போட்டுத்தான் சொன்னேன். அவரு மூஞ்சி செவந்து போச்சு. மாப்பிள்ளையக் கேட்டா, 'ரெண்டு பேரு சொல்றதும் சரிதான் மாமா'ங்கறாரு. அதெப்படி ரெண்டும் சரியாகும்? ஒருத்தன் இருக்கான்னா இருக்கான். 'வேணும்னா மறுபடி போடட்டுமா'ன்னாரு. அதுக்குச் சம்பந்தி, 'வேண்டாம்ப்பா, சம்பந்தி சொல்றாரில்ல, இருக்கான்னே வெச்சுக்குவோம், பெரியவங்க மனசு நோகக் கூடாது'ங்கறாரு. வெச்சுக்குவோமாம். ஆறுமுகத்த எனக்குப் பிச்சை போடறாரு.

அதோட பேச்சு நின்னு போச்சு. அவரு எதாச்சும் எங்கிட்டச் சொல்லணும்னா மாப்பிள்ளைகிட்டச் சொல்லுவாரு, நான் மாப்பிள்ளைகிட்டப் பதில் சொல்லுவேன். ரெண்டு பேரும் ஒரே சோபாவுலதான் உக்காந்திருப்போம். 'அந்தத் தண்ணிச் சொம்ப இப்படித் தள்ளச் சொல்லுப்பா'ம்பாரு. சொம்பு எங்கைலதான் இருக்கும்.

எம் பொண்ணுக்கு அப்ப ஆறு மாசம். ஏழாவது மாசத்துல வளைகாப்பு வெச்சிருந்துச்சு. ரெண்டு சம்பந்தியும் முன்னால நின்னு பண்ண வேண்டிய காரியம். ஒரு நாள் சாயந்தரம் தாரணி போன் பண்ணுச்சு.

'அப்பா, அது நாற்காலிதானே? கடைல பர்னிச்சர்னு அடுக்கி வெச்சு விக்கற நாற்காலிதானே?'

'நாற்காலிக்கு இல்ல கண்ணு. மரியாதைன்னு ஒண்ணு இருக்குதில்ல.'

'ரெண்டு பேரும் இப்படி மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நின்னீங்கன்னா நான் வளையலே போட்டுக்க மாட்டேன். வெறுங்கையோட போய்ப் பிரசவம் பாத்துக்கறேன். அவர்கிட்டயும் இதையேதான் சொல்லியிருக்கேன், உங்க சம்பந்திகிட்ட.'

சொன்னாச் செய்யற பொண்ணுங்க அது. அவங்கம்மா மாதிரி. ஊருச் சனமெல்லாம் வந்து நிக்க, புள்ளை வெறுங்கைய நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கறத நெனச்சுப் பாத்தேன். சரி, நம்ம பக்கம் விட்டுக் குடுத்துருவோம்னு முடிவு பண்ணினேன். எப்படி விட்டுக் குடுக்கறது? அவரு நாற்காலியக் குடுத்தா, மறுபேச்சுப் பேசாம உக்காந்துறது. முறை கிறைன்னு இழுக்கறதில்லை. கண்ணாடி முன்னால நின்னு 'சரீங்க'ன்னு சொல்லிப் பழகினேன். எங்க வீட்டம்மா பாத்துட்டு, இந்த வயசுல யாருக்குச் சரி சொல்றீங்கன்னு கேட்டா.

வளைகாப்புக்கு முந்தின ஞாயிறு போனேன். மாப்பிள்ளை ரிமோட்டோட கதவுகிட்ட நிக்கறாரு. சம்பந்தி நாற்காலிக்குப் பக்கத்துலயே நிக்கறாரு, உக்காரலை. எனக்குப் புரிஞ்சு போச்சு, அவரையும் பழக்கித்தான் கூட்டிட்டு வந்திருக்காங்க.

தொண்டையச் செருமிக்கிட்டு, 'சம்பந்தி, நீங்க உக்காருங்க'ன்னாரு. ஒரு மாசம் கழிச்சு நேரா எங்கிட்டப் பேசின முதல் வார்த்தை.

தம்பி, 'சரீங்க'ன்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். சத்தியமா. 'இருக்கட்டுங்க, நீங்களே உக்காருங்க'ன்னு வந்துச்சு.

அவரு முகத்துல ஒரு தெம்பு வந்துருச்சு. 'அதெப்படிங்க, நீங்கதான் உக்காரணும்.'

'அட, நீங்க பெரியவங்க.'

'வயசுல நீங்கதானுங்களே ஒரு மாசம் மூத்தவங்க.'

'மாப்பிள்ளையப் பெத்தவங்க நீங்க. நீங்க நிக்க நான் உக்காந்தா நல்லாவா இருக்கும்?'

மூணாந்தரம் தாண்டிப் போச்சு. எப்ப நிறுத்தறதுன்னு ரெண்டு பேருக்குமே தெரியலை. நாற்காலிக்கு அந்தப் பக்கம் அவரு, இந்தப் பக்கம் நான், ஆளுக்கொரு கையால அதோட முதுகப் புடிச்சுக்கிட்டு நிக்கறோம். மாப்பிள்ளை பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டுப் பாட்டப் போட்டுட்டாரு. சுத்தி வெள்ளைக்காரங்க கத்தறாங்க, நாங்களும் சத்தத்தக் கூட்டி 'நீங்க உக்காருங்க', 'நீங்க உக்காருங்க'ன்னு கத்தறோம். அளந்து வெச்ச நாற்காலில ஆளில்லை. அத்தனை பாட்டும் வந்து காலி நாற்காலி மேல விழுகுது.

அப்பத் தாரணி வயித்தப் புடிச்சுக்கிட்டு உள்ள வந்துச்சு. எங்க ரெண்டு பேரையும் மேலயும் கீழயும் பாத்துச்சு. 'நகருங்க'ன்னுச்சு. நகந்தோம். நாற்காலில உக்காந்து காலை நீட்டிக்குச்சு. 'அப்பாடா'ன்னு கண்ண மூடிக்குச்சு.

இனி அதை எந்திரின்னு சொல்ல முடியுமா? மாசமா இருக்கற புள்ளை. உக்கார வேற இடமும் இல்லை, என் மெத்தைய விட்டா. நான் போய் அதுல பாதில உக்காந்தேன். சம்பந்தி கொஞ்ச நேரம் நின்னு பாத்தாரு. முட்டி வலிக்காரர், எவ்வளவு நேரம் நிப்பாரு? வந்து மீதிப் பாதில உக்காந்தாரு. தோளும் தோளும் இடிக்குது. ரெண்டு பேரும் நேராச் சுவத்தப் பாத்துக்கிட்டிருக்கோம்.

ஆறுமுகம் வந்தான். சலங், சலங். ஓரக்கண்ணால பாத்தேன். சம்பந்தி தலைய மெதுவா மேல தூக்கறாரு, ஓட்டுல பல்லி கத்தினாப் பாக்கற மாதிரி. நின்னு போனதும் எங்க போனான்னு தேடறாரு. கடைசிப் பாட்டு வந்துச்சு. இன்னிக்குன்னு பாத்து அவன் கனைக்காம விட்டுட்டான்னா என்ன பண்றது? ரெக்கார்டுதான், தெரியும். இருந்தாலும் பயம்.

பிந்தினான். கனைச்சான்.

பாட்டு முடிஞ்சு உறுமற பெட்டியும் நின்னப்புறம், சம்பந்தி எம் முட்டி மேல கைய வெச்சு, 'பாவங்க சம்பந்தி, யாருமே கண்டுக்கலை பாருங்க அவன'ன்னாரு. அவரு கண்ணு கலங்கியிருந்துச்சு. எனக்கு அதுக்கு மேல என்னங்க வேணும்? வளைகாப்பு ஜோரா நடந்துச்சு. கை நெறைய வளையல் போட்டுக்கிச்சு எம் பொண்ணு. பந்தி வாசல்ல ரெண்டு பேரும் பழையபடி நின்னோம், சமையக்காரர்தான் வேற ஆளு.

அதோட முடிஞ்சிருந்தா இந்தக் கதையே இல்லை. பொண்ணு இப்பப் பிரசவத்துக்கு எங்க வீட்டுக்கு வந்துருச்சு. மாப்பிள்ளை தனியா இருக்காரேன்னு போன ஞாயிறு ஒரு எட்டுப் போனேன். உள்ள போனா, சம்பந்தி எனக்கு முன்னாலயே வந்து என் மெத்தைல காலை நீட்டிப் படுத்திருக்காரு. என்னப் பாத்ததும் எந்திரிக்கற மாதிரி ஒரு அசைவு அசைஞ்சு, 'வாங்க சம்பந்தி, நீங்க இங்க உக்காருங்க'ன்னாரு. நானும், 'இருக்கட்டுங்க'ன்னேன்.

படுத்துக்கிட்டாருங்க.

மறுபடியும் பாருங்க. ஒரே ஆளு, ஒரே தப்பு. ஆறுமுகத்தக் கண்டுபுடிச்சவன் நான். பேரு வெச்சவன் நான். நான் சுவத்தோரமா வெறுந்தரைல உக்காந்து கழுத்த வளைச்சுக் கேக்க வேண்டியதாப் போச்சு. நடு நாற்காலி சும்மாக் கெடக்குதுங்க, ஒருத்தரும் சீண்டலை. கொஞ்ச நேரம் கழிச்சுப் பாத்தா மாப்பிள்ளை அதுல போய் உக்காந்துக்கிட்டு, கண்ண மூடி, வாயத் தொறந்துக்கிட்டு, சொக்கிப் போய் இருக்காரு. பாட்டு முடிஞ்சும் எந்திரிக்கலை. கண்ணத் தொடைச்சுக்கிட்டு மறுபடி முதல்ல இருந்து போடறாரு. பெரியவங்க ரெண்டு பேரு தரைல இருக்கறப்ப இந்தக் காலத்துப் பசங்க நடுவுல போய் உக்காந்துக்கறாங்க. சொன்னாத் தப்பாயிரும். பொண்ணு குடுத்த எடம், நான் வாயத் தொறக்கலை.

அதுக்குத்தான் இன்னிக்கு விடிஞ்சும் விடியாமக் கெளம்பிட்டேன். எங்களுக்குக் கவர்மென்ட் வண்டின்னா பாஸ் இருக்குது, டிக்கெட் வேண்டாம். ஆனா அது வர்றதுக்குள்ள இந்தத் தனியார் வண்டி போய்ச் சேந்துரும். முன்னாலயே போய் மெத்தைல உக்காந்துட்டேன்னா, அப்புறம் அவரு வந்தாலும் நான் ஒரு பேச்சுக்கு 'நீங்க உக்காருங்க'ம்பேன். உக்காந்த எடத்துல இருந்துக்கிட்டே சொல்றப்ப ஒண்ணும் பயமில்லை பாருங்க.

குண்டடம் வந்துருச்சா? ஏன் வண்டி நிக்குது?

தம்பி, கொஞ்சம் முன்னால சாஞ்சு உக்காருங்க. இன்னும் கொஞ்சம். முன்படில ஏறறாரு பாருங்க, வெள்ளைச் சட்டை, கைல மஞ்சப்பை. அவருதான். அவருக்கும் பாஸ் இருக்குது, எதுக்கு இந்த வண்டில ஏறறாரு? பாத்துட்டாரு. போச்சு.

வாங்க வாங்க சம்பந்தி. என்னங்க இவ்வளவு காலைல?

அப்படீங்களா. பல்லடத்துல ஒரு வேலையா. நடக்கட்டும், நடக்கட்டும். நானுங்களா? நான் சூலூர் வரைக்கும்தானுங்க, பழைய சிநேகிதர் ஒருத்தர் மேலுக்கு முடியாம இருக்காரு. ஆமாங்க, அப்படியே போய்ப் பாத்துட்டுத் திரும்பிருவேன். சரவணம்பட்டிப் பக்கமெல்லாம் போகலீங்க. நீங்களும் போகலையா? அதானே, வாரா வாரம் போனா மாப்பிள்ளைக்குத் தொந்தரவில்லீங்களா.

தம்பி, மெதுவாச் சொல்றேன் கேளுங்க. பல்லடத்துல இவருக்கு ஒரு வேலையும் கெடையாது. எனக்கு நல்லாத் தெரியும்.

இந்தா, கண்டக்டர் இப்பத்தான் வர்றாரு. இருங்க சம்பந்தி, நான் எடுக்கறேன். இல்லீங்க, நான்தான் எடுப்பேன். அட, கைய எடுங்க சொல்றேன். இருங்க, இருங்க, என்ன சொன்னீங்க அவர்கிட்ட?

கேட்டீங்களா தம்பி. ரெண்டு கோயமுத்தூர்ங்கறாரு.

சரீங்க சம்பந்தி. டிக்கெட் கிழிச்சாச்சு, இனி வேற என்ன பண்றது. அப்படியே மாப்பிள்ளையவும் ஒரு பார்வை பாத்துட்டு வந்துரலாங்க.